சாய்தளம் வழங்கும் விழா

"சங்கம்னா யாருப்பா?" என்று ஷேரன் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது.

மே தின ஊர்வலத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கிளிஃபர்ட், சங்கத்தின் மஞ்சள் சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டிருந்தான். கழுத்துச் சிறியது, தலை வெளியே வரவில்லை. சட்டைக்குள் இருந்தபடியே பதில் சொன்னான்.

"நம்ம கீழ விழுந்தா தூக்கி விடுறவங்கம்மா."

"நீ விழுவியாப்பா?"

"நான் எதுக்கு விழப்போறேன்?"

சில வருடங்கள் கழித்து அவன் விழுந்தான். பினாங்கில், பாயான் லெப்பாஸ் போகும் வழியில் ஒரு கொண்டோமினியம், அடுக்குமாடி. வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை. சாரத்தின் பலகை ஒன்று நகர்ந்தது, அவ்வளவுதான். கீழே மணல் குவிந்திருந்ததால் உயிர் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழேதான் எதுவும் தங்கவில்லை. கிள்ளினாலும் தெரியாது, கொசு கடித்தாலும் தெரியாது.

அவனை மணலிலிருந்து தூக்கியவர்கள் பக்கத்தில் சிமெண்ட் கலக்கிக்கொண்டிருந்த இரண்டு வங்கதேசத்துப் பையன்கள். அவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள் அல்லர். சங்கத்தில் சேர அவர்களுக்கு இடமில்லை. ஆகவே அந்தத் தூக்கல் சங்கத்தின் ஆண்டறிக்கையில் ஏறவில்லை. குறை சொல்வதற்கில்லை, விதி அப்படி.

கட்டடத் தொழிலாளர் பேரொற்றுமைச் சங்கம் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் செய்தது. நலப்பிரிவுத் தலைவர் நல்லமுத்து, கண்ணாடித் தாள் சுற்றிய பழக்கூடையோடு வந்தார். பின்னால் இரண்டு பேர் பதாகையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கட்டில் ஓரத்தில் இடம் போதவில்லை. பக்கத்துப் படுக்கைச் சீனத் தாத்தாவின் கால் பதாகைக்குள் போயிற்று.

"தம்பி, கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு" என்றார் நல்லமுத்து. "ரொம்ப சிரிக்காத. ரொம்ப சிரிச்சா ஒண்ணும் ஆகலன்னு நெனச்சிருவாங்க."

கிளிஃபர்ட் இரண்டுக்கும் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டான். அது அவனுக்குச் சிரமமாக இல்லை. விழுந்ததிலிருந்து முகம் அங்கேதான் இருந்தது.

படம் எடுத்து முடித்ததும் நல்லமுத்து கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கிளிஃபர்டின் மனைவி லீனா அவரையே பார்த்தாள்.

"இது சங்கத்தோட கூடை லா, தங்கச்சி. மேல் மாடியில இன்னொரு உறுப்பினர் இருக்காரு. அவருக்கும் கொடுக்கணும்."

கண்ணாடித் தாளுக்குள்ளே ஆப்பிள்கள் பல உறுப்பினர்களைப் பார்த்த களைப்பில் சுருங்கிப்போயிருந்தன.

ஜெலுத்தோங்கில் ஒரு சந்துக்குள் கிளிஃபர்டின் வாடகை வீடு. வாசலில் இரண்டு படி. நல்ல கால் உள்ளவனுக்கு அவை படி என்றே தெரியாது, அவனுக்கும் தெரிந்ததில்லை. சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வந்த அன்று அந்த இரண்டு படிகளும் பினாங்கு மலை அளவுக்கு நின்றன. சிகிச்சைக்குப் போகும் நாளில் கூட்டாளிகள் வந்து நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். ஒருமுறை அப்படித் தூக்கியவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வேலை கெட்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எதற்கும் தூக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கடைக்கு இல்லை, மாதா கோயிலுக்கு இல்லை. கதவுக்கு உள்ளே உட்கார்ந்து, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். துக்கமா என்றால் துக்கமும் இல்லை. மரத்துப்போன இடம் இடுப்போடு நிற்கவில்லை, மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவனிடம் ஆசை மிச்சம் இருந்தது. ஷேரனுக்கு அந்த வருடம் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன் போட்டுத் தலையில் பூ முடிச்சோடு அவள் பீடத்துக்கு நடக்கும்போது, அப்பன் தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு பேர் தோளில் ஏறி வந்தால் கோயில் முழுக்க அவனைத்தான் பார்க்கும். அன்றைக்குப் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டும்.

"வாசல்ல ஒரு சாய்தளம் கட்டிக் கொடுத்தா போதும்ண்ணே" என்று சங்கத்துக்கு ஒரு மனுவோடு சொல்லி அனுப்பினான்.

கட்டடத் தொழிலாளர் சங்கம். கொத்தனார்கள், பூச்சு வேலைக்காரர்கள், கம்பி கட்டுகிறவர்கள், ஓடு பதிக்கிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். கேட்டது ஒரு கட்டில் அளவுச் சாய்தளம். அதை அவனோடு வேலை செய்த மூன்று பேர் அந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிடுவதாக, மோட்டார் சைக்கிளில் மணல் மூட்டையோடு வந்து இறங்கினார்கள். மூட்டையை அவிழ்ப்பதற்குள் நல்லமுத்துவிடமிருந்து போன்.

ஸ்பீக்கரில் போட்டார்கள். "டேய், நீங்க மூணு பேரு கட்டுனா அது மூணு பேரு கட்டுனது. சங்கம் கட்டுனா அது அத்தன உறுப்பினரும் கட்டுனது. தம்பிக்கு எது பெருமை? யோசிங்கடா. அதோட, தனியாளு கட்டிட்டா மனு தள்ளுபடி. அப்புறம் எந்த உதவியும் கெடைக்காது, சொல்லிட்டேன்."

மூன்று பேரும் யோசித்தார்கள். யோசித்துவிட்டு மூட்டையைத் திரும்பக் கட்டினார்கள். "பொறுத்துக்க லா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மனுவைப் பரிசீலிக்க, உறுப்பினரால் படி ஏற முடியாது என்பதை நிர்வாகக் குழு நேரில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. சங்கத்தின் அலுவலகம் ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. ஏணிக்கு அண்ணன் முறையாகும் மரப்படி. ஒரு கூட்டாளியின் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் அவனைக் கீழே நடைபாதையில் இறக்கினார்கள். மாடி ஜன்னல் திறந்தது. தலைவர் பழனியப்பன் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குழுவினர் ஒருவர் தோள்மேல் ஒருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"கிளிஃபர்ட், மேல வா!"

"ஏற முடியாதுண்ணே."

"முயற்சி பண்ணிப் பாத்தியா?"

கிளிஃபர்ட் தன் கால்களைப் பார்த்தான். தெரு அவனைப் பார்த்தது. பக்கத்துப் பூமாலைக் கடைக்காரர் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"முடியாதுண்ணே."

"பதிவு பண்ணிக்குங்க" என்று தலைவர் உள்ளே திரும்பிச் சொன்னார். "முடியாதுன்னு உறுப்பினரே ஒத்துக்கிட்டாரு. நம்ம கட்டாயப்படுத்தல."

"இங்கயே ஒரு சாய்தளம் வெச்சா நல்லாருக்கும்ண்ணே" என்று லாரிக்காரக் கூட்டாளி கீழேயிருந்து சொல்லிப் பார்த்தான்.

"ஹெரிட்டேஜ் பில்டிங் லா!" ஜன்னலிலிருந்து பதில் வந்தது. "ஒரு ஆணி அடிக்கணும்னாலும் அனுமதி கேக்கணும். நாங்க என்னா, சட்டத்த மீறுற ஆளுங்களா?"

ஜன்னல் மூடியது. மேலே வெகுநேரம் பேசினார்கள். அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் மர்ஜானா என்ற பெண், கையில் பால் ஊற்றாத தே ஓ தம்ளரோடு அந்த மரப்படியில் பக்கவாட்டாக இறங்கி வந்தாள். "குடிங்கண்ணே. அவங்க இப்ப முடிக்க மாட்டாங்க, இன்னும் நன்றியுரை இருக்கு" என்றாள். அவன் நெற்றியில் வெயில் விழுவதைப் பார்த்து, நாற்காலியை ஒரு முழம் நிழலுக்குள் தள்ளி வைத்துவிட்டு ஏறிப்போனாள். அன்று நடந்த கூட்டத்தில் உருப்படியான காரியம் என்று கணக்கில் வைத்தால் அந்த ஒரு முழம்தான்.

ஆனால் மனு நிறைவேறியது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

சந்துக்குள் கூடாரம் போட்டார்கள். போட்ட கூடாரத்தில் அடுத்த வீட்டுக் கார் வெளியே வர முடியவில்லை. முதலில், படிகளுக்கு நேர் எதிரே நடுவதற்கு அறிவிப்புப் பலகை வந்தது. இரண்டு இரும்புக் கால், ஆள் உயரத்துக்கு மேல் தகடு. தகட்டின் பெரும்பகுதியில் தலைவர் பழனியப்பன் கைகூப்பிக்கொண்டிருந்தார். அவருடைய முழங்கைக்குக் கீழே, ஓரமாக, சாய்தளத்தின் படம் சின்னதாக இருந்தது. பலகை காற்றில் சாயக்கூடாது என்று இரண்டு காலுக்கும் குழி வெட்டி, கல் போட்டு, சிமெண்ட் கொட்டி இறுக்கினார்கள். கதவுக்கு உள்ளேயிருந்து கிளிஃபர்ட் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கலவை. தண்ணீர் அளவாக இருந்தது. அந்தக் குழிகளுக்குள் போன சிமெண்டில் இரண்டு வாசலுக்குச் சாய்தளம் கட்டலாம் என்று அவனுடைய கை தானாகக் கணக்குப் போட்டது. யாரும் அவனுடைய கையிடம் கேட்கவில்லை.

சிமெண்ட் தீர்ந்ததும் விழா முடிந்தது. எல்லாருக்கும் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள்.

பொட்டலங்கள் சந்து முனையிலிருந்த இஸ்மாயிலின் கடையிலிருந்து வந்தவை. இஸ்மாயில் தானே சுமந்து வந்து கொடுத்தார். கிளிஃபர்டின் வாசலில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் நின்றார்.

"என்னா தம்பி, பலகைய நட்டுட்டு போறாங்க. சாய்தளம் எங்க?"

"வருமாம்ண்ணே."

"பிள்ளைக்கு விசேஷம் எப்ப?"

"ரெண்டாவது ஞாயிறு."

இஸ்மாயில் படிகளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "தலைவரு படம் நல்லா இருக்கு லா. அவரு மூக்கு மேல நாற்காலிய உருட்ட முடியுமான்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுநன்மைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, சங்க மண்டபத்தில் சாய்தளம் வழங்கும் விழா. மண்டபத்தில் எப்படிச் சாய்தளம் வழங்குவார்கள் என்று லீனாவுக்கு விளங்கவில்லை. கிளிஃபர்டுக்கும் விளங்கவில்லை, ஆனால் விளங்காமல் இருப்பது அவனுக்குப் பழகியிருந்தது. வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

மேடைக்கு ஏழெட்டுப் படி. பேரைக் கூப்பிட்டதும் நான்கு தொண்டர்கள் வந்து, நாற்காலியோடு அவனைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சாய்தளத்தைப் பெற்றுக்கொள்வதற்காக மேடை ஏற்றினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது.

மேடை நடுவில் சிவப்புத் துணியால் மூடிய ஒன்று நின்றது. தலைவர் துணியை இழுத்தார். சாய்தளம். சாம்பல் நிறம், பக்கவாட்டில் கைப்பிடிகூட இருந்தது. கிளிஃபர்ட் கண்ணை இடுக்கிப் பார்த்தான். பூச்சின் பளபளப்பு சரியில்லை. ஒரு தொண்டர் அதை ஒற்றைக் கையால் தூக்கி அவன் மடியில் வைத்தபோதுதான் புரிந்தது: மீன் பெட்டி செய்கிற போலிஸ்டிரின், வெறும் நுரை. மேலே பெயிண்ட். உள்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது: ஏற வேண்டாம்.

தலைவர் பழனியப்பன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்புத் தொழிலாளத் தோழர்களே! இது வெறும் சிமெண்ட் இல்லை. சிமெண்டே இல்லை. இது நம் உணர்வு! சிலர் கேட்கிறார்கள், பழனியப்பன் தன் வாழ்நாளில் ஒரு கொத்துக்கரண்டியையாவது தொட்டதுண்டா என்று. நான் மறைக்க விரும்பவில்லை. தொட்டதில்லை! தலைவன் கரண்டியைத் தொட்டுவிட்டால் தொண்டன் எதைத் தொடுவான்? உங்கள் கரண்டியை உங்களிடமிருந்து பிடுங்காத ஒரே தலைவன் நான்!"

கைதட்டல்.

"வெளிநாட்டான் வந்து நம் வேலையைச் செய்கிறான். செய்யட்டும். ஆனால் உள்ளூர்த் தொழிலாளி கீழே விழுகிற உரிமையை யாராலும் பறிக்க முடியாது! அவன் விழும்போதெல்லாம் இந்தச் சங்கம் எழுந்து நிற்கும்! எங்கே, எழுந்து நின்று காட்டுங்கள்!"

மண்டபம் எழுந்து நின்றது. மேடையில் இருந்தவர்களும் நின்றார்கள். அவ்வளவு பேரில் கிளிஃபர்ட் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான், மடியில் சாய்தளத்தை வைத்துக்கொண்டு. அவனுக்குக் கோபம் வரவில்லை. மடியில் இருப்பது கனமா இலேசா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வேனில் அது அவன் பக்கத்து இருக்கையில் வந்தது. படிகளின்மேல் அதை வைத்து ஒரு படம் எடுத்தார்கள். பிறகு நல்லமுத்து அதைத் தூக்கி வேனில் போட்டார்.

"அண்ணே, நெசமான சாய்தளம் எப்ப?"

"இப்பத்தானப்பா கொடுத்தோம்?"

"அது போலிஸ்டிரின்ண்ணே."

"பெரிய அட்டை செக் கொடுக்குறோம்ல மேடையில. அத யாராச்சும் பேங்க்ல போடுறாங்களா? அது மாதிரி லா. கொடுத்ததுக்கு அடையாளம்."

"செக்குக்குப் பின்னால காசு வரும்லண்ணே."

நல்லமுத்து வருத்தத்தோடு அவனைப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது, நம்பிக்கொண்டிருக்கிற முகம். "மனுவுல 'வழங்கப்பட்டது'ன்னு முடிச்சாச்சு தம்பி. முடிஞ்ச மனுவ மறுபடி திறந்தா, அப்ப இன்னைக்கு நடந்தது என்னான்னு கேப்பாங்க. தலைவருக்கு அவமானம் இல்லையா? அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு எழுது, நானே கையெழுத்துப் போடுறேன்." வேன் கிளம்பியது. "இத பாகான் டாலாம்ல ஒருத்தருக்குக் கொடுக்கணும், நேரமாச்சு!"

லீனா வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றான் கிளிஃபர்ட்.

"நாலு பேர கூப்பிடுறேன். ஒரு நாள்தான."

"வேணாம் லீனா. இன்னைக்கு நாலு பேரு தூக்கியாச்சு."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பின்பக்கம் போய்விட்டாள். அவன் இரவு செபத்தைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் வார்த்தைகள் நின்றுவிட்டன. மீதியைக் கடவுளே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

விடியற்காலையில் வாசலில் மரம் உரசும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். இஸ்மாயில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆளைவிட நீளமான, அகலமான, தடித்த மரப்பலகை ஒன்றைப் படிகளின்மேல் சாய்த்துக்கொண்டிருந்தார். சங்கத்தின் அறிவிப்புப் பலகையுடைய இரும்புக் கால்களுக்கு நடுவே அது சரியாகப் போய் உட்கார்ந்தது. காலால் மிதித்துப் பார்த்தார். ஆடியது. கீழே இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தார். மறுபடி மிதித்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அன்று காலை கிளிஃபர்ட் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துத் தானே இறங்கினான். லீனா கை கொடுக்காமல், ஆனால் கையை நீட்டிக்கொண்டே கூட வந்தாள். கோயிலில் முதல் வரிசை ஓரத்தில் இடம் இருந்தது. ஷேரன் கைகூப்பி நடந்து வந்தபோது கோயில் முழுக்கப் பிள்ளையைத்தான் பார்த்தது. கிளிஃபர்டுக்கு அழுகை வரவில்லை. ஆனால் மார்புக்குள்ளே ஏதோ ஒன்று, வெகுநேரம் மடக்கி வைத்திருந்த காலை நீட்டினால் வருமே, அப்படிக் குறுகுறுத்தது.

அன்று மாலை முனைக்கடை இஸ்மாயில் அவ்வழியாகப் போனபோது கூப்பிட்டான்.

"அண்ணே, பலகை உங்களுதா?"

"எந்தப் பலகை?"

"இதோ இது."

"எனக்கு என்னா தெரியும் லா? உங்க சங்கத்துக்காரங்க வெச்சிருப்பாங்க. நல்ல ஆளுங்க."

"திருப்பிக் கொடுத்துடுறேன்ண்ணே."

"என்னுது இல்லங்கிறேன், என்கிட்ட ஏன் கொடுக்குற? அலமாக், வெளங்காத பையனா இருக்க." அவர் நிற்காமல் போய்விட்டார்.

தன்னுடையது அல்ல என்று சாதிக்கிற மனிதரிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது?

அந்த வாரமே நல்லமுத்து வந்தார். பலகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்துபோனார். அதன் பக்கவாட்டில் சங்கத்தின் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிப் படம் எடுத்தார். ஆண்டறிக்கையில் அந்தப் படம் வந்தது: 'சாய்தளம் – முதற்கட்டப் பணி நிறைவு.' ஸ்டிக்கரை இஸ்மாயிலும் பார்த்தார். "பார்த்தியா, நான்தான் சொன்னேனே" என்றார்.

வாசல் திறந்துவிட்டதால் கிளிஃபர்ட் இப்போது வெளியே வர ஆரம்பித்திருந்தான். ஒருநாள் சந்து முனைவரைக்கும் உருட்டிக்கொண்டு போனான். இஸ்மாயில் கடையின் முன்னால் திறந்த லோங்காங் ஓடுகிறது. இத்தனை வருடமாக அந்தச் சாக்கடையின்மேல் ஒரு அகலமான, தடித்த மரப்பலகை கிடக்கும். அதில் மிதித்துத்தான் ஆட்கள் கடைக்குள் போவார்கள். இப்போது அங்கே பலகை இல்லை. சாப்பிட வந்தவர்கள் எட்டிக் குதித்துப் போனார்கள். இஸ்மாயிலின் மனைவி நூர்ஜான் குழம்புச் சட்டியோடு பக்கவாட்டில் சுற்றி வந்தாள். தடி ஊன்றிய சீனக் கிழவர் ஒருவர் சாக்கடை விளிம்புவரை வந்து, கீழே பார்த்து, திரும்பி வேறு கடைக்குப் போனார். உள்ளே இஸ்மாயில் தலை நிமிராமல் சோறு அள்ளிக்கொண்டிருந்தார்.

கிளிஃபர்ட் யாருடைய கண்ணிலும் படாமல் நாற்காலியைத் திருப்பினான்.

லீனாவிடம் ஒரு சின்ன மூட்டை சிமெண்டும் மணலும் மெல்லிய கம்பி வலையும் வாங்கி வரச் சொன்னான். "கை மறந்துடக் கூடாது பாரு" என்றான். அவள் சந்தோஷமாக வாங்கிக் கொடுத்தாள். பகலில் அவள் தொழிற்சாலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, சமையல் மேசைமேல் மரச்சட்டம் கட்டி, கலவை குழைத்து ஊற்றினான். மட்டப்பலகையால் இழுத்தான். விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக விரல்களில் ஈரச் சிமெண்டின் குளிர்ச்சி ஏறியது. கை எதையும் மறந்திருக்கவில்லை. காய்ந்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஈரச்சாக்கால் மூடி, ஆறப்போட்டான்.

வெள்ளிக்கிழமை நண்பகல். இஸ்மாயில் கடையைச் சாத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். நூர்ஜான் வீட்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் சந்தில் வெயிலைத் தவிர யாரும் இருப்பதில்லை.

கிளிஃபர்ட் முதல் சிமெண்ட் பலகையை மேசையிலிருந்து மடிக்கு இழுத்துக்கொண்டான். வாசல் மரப்பலகை வழியாக இறங்கினான். சக்கரம் கனத்தது, தோள்பட்டை வலித்தது. அந்த வலி அவனுக்குப் பிடித்திருந்தது. சாக்கடை ஓரம் பிரேக்கைப் போட்டு, முன்னால் குனிந்து, மடியிலிருந்து மெல்ல வழுக்கவிட்டு எதிர் விளிம்பில் சேர்த்தான். ஒருமுறை நாற்காலி முன்னே சாய்ந்தது. கம்பித் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். திரும்பப் போய் அடுத்ததைக் கொண்டுவந்தான். அடுத்ததையும்.

கடைசிப் பலகை லேசாக ஆடியது. சுவரோரம் கிடந்த உடைந்த ஓட்டுத் துண்டை அடியில் செருகி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தான். ஆடவில்லை. சட்டை நுனியால் மேலிருந்த தூசியைத் துடைத்தான். ஓரம் கிழிக்காமல் இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். நூர்ஜான் வெறுங்காலோடு நடப்பவள்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகையின் கடைசி சலாம் கேட்டது. தூரத்தில் மோட்டார் சைக்கிள்கள் உதைபடத் தொடங்கின. கிளிஃபர்ட் பிரேக்கை விடுவித்து, நாற்காலியைத் திருப்பி, வேகவேகமாக உருட்டினான்.

முதல் மோட்டார் சைக்கிள் முனை திரும்பியபோது சந்தில் யாரும் இல்லை.